மனம் சோர்ந்த வேளையில் எந்த நூல்?

பால் வெட்டுவோரின் நாள், ஊர் உறங்கிக் கொண்டிருக்கும்போதே தொடங்கிவிடுகின்றது. நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் மரத்துக்கு மரம் நடந்து, பட்டையில் ஆழம் தவறாமல் கத்தியை இழுத்து, மங்கைச் சரிசெய்து, பின்னர் அதே நிறையில் மீண்டும் நடந்து பாலைச் சேர்க்கும் தொழில் அது. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் சம்பளத்தில் துண்டு விழும். இலையுதிர் காலம் வந்தால் பாலும் சுருங்கும். இவற்றோடு பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன், பால்மரத்தை அழித்துச் செம்பனை நடப்போகிறார்கள் என்னும் பேச்சு, ஓய்வு பெற்றபின் தோட்ட வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்னும் கவலை ஆகியனவும் சேர்ந்துகொள்ளும்போது, உடம்பு களைப்பதைப் போலவே மனமும் களைத்துவிடுகின்றது.

கையில் கத்தி பட்டுவிட்டால் நம்மவர் மருந்து கட்டிக்கொள்ளத் தயங்குவதில்லை. காய்ச்சல் கண்டால் கிளினிக்கிற்குச் செல்கின்றனர். “எனக்கு மனம் சரியில்லை” என்று சொல்வதற்கு மட்டும் வாய் வருவதில்லை. சொன்னால், “இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான்” என்று யாராவது கேலி பேசிவிடுவார்களோ என்னும் அச்சமே காரணம். 1911ஆம் ஆண்டு முதல் அவ்வூரில் இயங்கிவரும் மனநல மருத்துவமனையின் பெயரை நாம் தலைமுறை தலைமுறையாக ஏளனச் சொல்லாகவே வழங்கி வந்திருக்கின்றோம். அதனால் விளைந்த தீமையை அளவிட முடியாது.

இந்நிலையில், யாருக்கும் தெரியாமல், யாரிடமும் கூனிக் குறுகாமல் ஒருவர் முதல் அடியை எடுத்து வைப்பதற்கு ஒரு வழி உண்டு. பொது நூலகத்தில் கிடைக்கும் மனநலத் தன்னுதவி நூல்களே அவ்வழி. ஆயின், எந்த நூலையும் எடுத்துப் படித்தால் மனம் தேறிவிடும் என்று எண்ணுவது பிழை. அப்பிழையை நாமே செய்தோம். அதனை மறைக்காமல் முதலில் சொல்லிவிடுதல் நலம்.

கோலகுபு பாருவுக்கும் கலும்பாங்குக்கும் இடையே அமைந்துள்ள கெர்லிங் வட்டாரத்தில், பால்மரம் இன்னும் எஞ்சியுள்ள தோட்டம் ஒன்றில், சில காலத்துக்கு முன் நாம் வாசிப்புப் பழக்கம் குறித்து ஓர் உரை நிகழ்த்தினோம். கோயில் மண்டபத்தில் கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கிக் கொண்டிருந்த வேளையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தொழிலாளர் நம்மை அணுகினார். கூட்டம் முழுவதும் கடைசி வரிசையில் பேசாமல் அமர்ந்திருந்தவர் அவர். “ஐயா, மனசு சரியில்லேன்னா படிக்கிற மாதிரி புத்தகம் ஏதாச்சும் இருக்குங்களா?” என்று மெல்லிய குரலில் கேட்டார். யாருக்கு என்று நாம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. நம் பையில் இருந்த ஒரு முன்னேற்ற நூலை எடுத்துக் கொடுத்தோம். மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம், தோற்றவர்கள் எல்லாரும் முயற்சி குன்றியவர்களே என்று அடித்துச் சொல்லும் வகையைச் சேர்ந்தது அந்நூல். கொடுத்தபோது நற்பணி ஒன்றைச் செய்த நிறைவோடு திரும்பினோம்.

இரண்டு வாரம் கழித்து அவரைச் சந்தித்தோம். நூலைச் செய்தித்தாளில் சுற்றிப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். “முழுசாப் படிச்சேன் ஐயா. என்னாலே ஒண்ணும் ஆகாதுன்னு இப்போ நல்லாத் தெரிஞ்சு போச்சு” என்றார்.

ஆசிரியர் பயிற்சி பெற்று, எந்த மாணவனுக்கு எந்தப் பாடம் என்று பார்த்துப் பழகிய நமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. மூன்று மாதமாகச் சரியான உறக்கமின்றி, நள்ளிரவு இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டு, பசியும் அற்று, கோயில் செயற்குழுவிலிருந்தும் ஒதுங்கிக் கொண்ட ஒருவரிடம், ‘உன் நிலைக்கு நீயே காரணம்’ என்று சொல்லும் நூலை நாம் கொடுத்திருக்கின்றோம். முன்னேற்ற நூல்கள் தீயவை அல்ல. வேலை தேடும் இளைஞனுக்கும் கடை வைக்க எண்ணுபவருக்கும் அவை ஊக்கம் தரலாம். நலமாக உள்ள மனத்தை மேலும் ஓடச் செய்வதற்கு எழுதப்பட்டவை அவை. காலில் முள் தைத்து நிற்பவனிடம் ஓட்டப் பந்தயம் பற்றிப் பேசுவதற்கு அல்ல. வள்ளுவர் வகுத்த ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரத்தைக்கூட இத்தகைய வேளையில் அறிவுரையாக வீசிவிடக் கூடாது என்பது நம் கருத்து. அது துன்பத்தைத் தாங்கி நிற்பவருக்குத் துணை. நோயுற்றவருக்கு மருந்துச் சீட்டு அன்று.

மனச்சோர்வு என்பது நோய்தானா என்று சிலர் கேட்கலாம். ஒரு துன்பச் செய்தி கேட்டு இரண்டு நாள் வாடியிருப்பது நோய் அன்று; அது மனித இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேலாக, ஏறத்தாழ நாள்தோறும் மனம் தாழ்ந்து கிடப்பதும், முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அறுவதும், உறக்கமும் பசியும் கெடுவதும், தன்னைத் தானே பழித்துக் கொள்வதும் ஒன்றுசேர்ந்து வருமாயின், அதனை மருத்துவர்கள் மனச்சோர்வு நோய் என்கின்றனர். இஃது அரிதன்று. நம் நாட்டின் தேசிய சுகாதார, நோயியல் ஆய்வு 2023இல் கண்டறிந்தபடி, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் பத்து இலட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியிருந்தனர். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இது 2.3 விழுக்காடாகவே இருந்தது. எனவே, இத்தகையோர் ஒருவரேனும் இல்லாத தோட்டம் இராது என்றே கொள்ளலாம்.

நூல் எவ்வாறு மருந்தாயிற்று?

நூலைக் கொண்டு மனத்தைத் தேற்றும் முறைக்கு ஒரு தனிப் பெயரிட்டு எழுதியவர், சாமுவேல் குரோத்தர்ஸ் என்னும் அமெரிக்கச் சமய போதகர். 1916இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அவர் அப்பெயரைச் சற்று வேடிக்கையாகவே கையாண்டார். பின்னர் அது வேடிக்கையாக நிற்கவில்லை. 1960களில் பிலடெல்பியா நகரில் ஆரன் பெக் என்னும் மனநல மருத்துவர், சோர்வுற்றவர்களின் மனத்தில் தாமாகவே ஓடும் எண்ணங்களை ஆராய்ந்து, அவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கக் கற்பிக்கும் சிகிச்சை முறையை வகுத்தார். அவரிடம் பயின்ற டேவிட் பர்ன்ஸ் அம்முறையைப் பொதுமக்களே படித்துப் பயிலும்படி 1980இல் ஒரு நூலாக எழுதினார்.

அந்நூலை வைத்து நடத்திய ஓர் ஆய்வு நம் தவற்றை நமக்கு விளக்கியது. ஸ்கோகின் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1987இல் வெளியிட்ட அவ்வாய்வில், மனச்சோர்வுற்ற முதியோரில் ஒரு சாராருக்குப் பர்ன்சின் நூல் கொடுக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு, நாஜிகளின் வதை முகாமில் உயிர் தப்பிய விக்டர் பிராங்கல் எழுதிய, உலகப் புகழ் பெற்ற வாழ்க்கைப் பொருள் பற்றிய நூல் தரப்பட்டது. இரண்டும் நல்ல நூல்களே. எனினும், எண்ணங்களைத் தாளில் எழுதிச் சோதிக்கும் பயிற்சிகள் கொண்ட முதல் நூலைப் படித்தவர்களே கூடுதலாகத் தேறினர். சிறந்த நூல் வேறு. சோர்வைக் குறைக்கும் நூல் வேறு. இன்னொன்றும் இங்குக் கவனித்தற்குரியது. படித்தவர்களைத் தனியே விட்டுவிடாமல், வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்துச் சில நிமிடம் விசாரித்து வந்தனர்.

பிரிட்டனில் உள்ள வேல்ஸ் நாட்டின் கார்டிப் நகரில் நீல் புரூட் என்னும் உளவியலாளர் 2003இல் இதனை ஒரு பொதுத் திட்டமாகவே ஆக்கினார். மருத்துவர் மாத்திரைக்குச் சீட்டு எழுதுவது போல நூலுக்குச் சீட்டு எழுதுவார். நோயாளி அச்சீட்டை மருந்துக் கடைக்குக் கொண்டு செல்லாமல் பொது நூலகத்துக்குக் கொண்டு சென்று நூலைப் பெறுவார். நூல்களை மனநலத் துறையினரே தேர்ந்து ஒரு பட்டியலாக்கியிருந்தனர். 2005இல் இத்திட்டம் வேல்ஸ் முழுவதற்கும், 2013இல் வேறொரு பெயரில் இங்கிலாந்துக்கும் விரிந்தது. ‘மனநோய்’ என்று எழுதிய கட்டடத்துக்குள் நுழையக் கூசுகிறவர்கூட நூலகத்துக்குள் நுழையக் கூசுவதில்லை. திட்டத்தின் வலிமை இதில்தான் இருக்கின்றது.

யாழ்ப்பாணத்தில் நம்மவர் செய்தது

இவையெல்லாம் மேல்நாட்டாருக்கு உரியவை, நம் மொழிக்கும் வழக்கத்துக்கும் பொருந்துமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதற்கு விடை இலங்கையின் வடபகுதியில் கிடைக்கின்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதே நகரில், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மனக்காயமுற்ற மக்களுக்காகத் தமிழில் நூல் எழுதும் பணி தொடங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் ‘மனவடு’ என்னும் நூலை வெளியிட்டார். உடம்பில் பட்ட காயம் ஆறியபின்னும் வடு நிற்பது போல மனத்திலும் நிற்கும் என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகின்றது. ஆயிரக்கணக்கானோர் துன்புற்ற இடத்தில் மனநல மருத்துவர் ஓரிருவரே இருந்தனர். ஆகவே ஊர்மட்டப் பணியாளர்களும் ஆசிரியர்களும் படித்துப் பிறருக்கு உதவும்படியான நூல்கள் தேவைப்பட்டன. மனநல மருத்துவர் சிவயோகனும் இத்துறையில் தமிழில் எழுதி வந்தார். 1987இல் தொடங்கப்பட்ட ‘சாந்திகம்’ என்னும் அமைப்பு உளவளத் துணைப் பணியை மேற்கொண்டது.

அவர்கள் கையாண்ட ஒரு முறை நம் தோட்டங்களுக்கும் ஏற்றது. மனத்தை அமைதிப்படுத்தும் மூச்சுப் பயிற்சியில், மூச்சோடு சேர்த்து மெல்லச் சொல்வதற்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல்லை அவரவர் சமயத்திலிருந்தே எடுத்துக்கொள்ளச் செய்தனர். இந்துக்கள் ஓங்காரத்தையும், கத்தோலிக்கர்கள் தம் செபத்தையும், முஸ்லிம்கள் தம் தியானச் சொல்லையும் கொண்டனர். மருத்துவம் புதிதாயினும் சொல் பாட்டியிடம் கேட்டதாக இருந்தமையால் மக்கள் அதனை அந்நியமாகக் கருதவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என் செய்வது? இக்கேள்வியைத் தோட்டந்தோறும் நம்மிடம் கேட்கின்றனர். இதற்கும் முன்மாதிரி உண்டு. 1931ஆம் ஆண்டிலேயே தமிழகத்தின் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். நம் முன்னோரில் பலர் கப்பலேறி வந்தது அந்தத் தஞ்சை மண்ணிலிருந்துதான். அண்மைக் காலத்தில் உலகச் சுகாதார நிறுவனம் செய்து காட்டியதோ இன்னும் நேரடியானது. உகாண்டா நாட்டின் ரைனோ அகதிகள் குடியிருப்பில், தென் சூடானிலிருந்து ஓடிவந்த பெண்களைச் சிறு சிறு கூட்டமாக அமரச் செய்து, ஐந்து அமர்வுகளில் ஒலிப்பதிவு மூலம் பாடங்களைக் கேட்பித்தனர். கையில் படங்கள் நிறைந்த ஒரு நூலையும் கொடுத்தனர். நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்லர். குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்களே. 694 பெண்கள் பங்கு கொண்ட அவ்வாய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. மூன்று மாதங்களுக்குப் பின்னும், பயிற்சி பெற்றவர்களின் மன உளைச்சல் மற்றவர்களைக் காட்டிலும் குறைந்தே இருந்தது. அப்பட நூலை அந்நிறுவனம் 2020இலேயே இலவசமாக வெளியிட்டுள்ளது.

நமக்கு இது புதிதும் அன்று. ஒருவர் தமிழ் நேசனையோ தமிழ் முரசையோ உரக்கப் படிக்க, சுற்றிலும் பலர் அமர்ந்து கேட்ட வழக்கம் நம் தோட்டங்களில் இருந்ததே. தமிழ் நேசன் 2019இல் நின்றுவிட்டது. கேட்கும் காது இன்னும் இருக்கின்றது.

நூலைத் தேர்வது எவ்வாறு?

நூலகத்தில் ஒரு நூலைக் கையில் எடுத்தவுடன், எழுதியவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும். மனநல மருத்துவரோ உளவியலாளரோ எழுதியதாக இருத்தல் நன்று. தமிழகத்தில் டாக்டர் ருத்ரன் போன்ற மனநல மருத்துவர்கள் தமிழிலேயே எழுதியுள்ளனர். அடுத்து, உள்ளே பயிற்சிகள் உள்ளனவா என்று புரட்டிப் பார்க்க வேண்டும். வெறும் அறிவுரைகளும் வெற்றிக் கதைகளும் மட்டும் இருப்பின் அதனை வேறொரு நாளைக்கு வைத்துக் கொள்ளலாம். ஏழே நாளில் துன்பம் தீரும் என்று அட்டையிலேயே உறுதி கூறும் நூல்களையும், மாத்திரைகளை நிறுத்திவிடு என்று சொல்லும் நூல்களையும் வைத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். மருத்துவர் கொடுத்த மாத்திரையை நூலைப் படித்துவிட்டு நிறுத்துவது ஆபத்து.

உள்ளதைச் சொல்வதானால், நாம் கண்ட நூலகங்களின் தமிழ் அடுக்குகளில் நாவலும் சமயமும் சமையலும் நிறைந்திருக்கின்றன; மனநல நூல்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. மலாய் அடுக்கில் கூடுதலாக உண்டு. வேண்டிய நூல் இல்லையெனில் நூலகரிடம் கேளுங்கள். கேட்பார் இல்லாத நூலை எந்த நூலகமும் வாங்குவதில்லை.

இனி, பயிற்சி என்பது யாது என்பதைச் சற்று விரிவாகவே காண்போம். கெர்லிங் நண்பர் வீட்டில் நடந்ததையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒரு மருத்துவ அதிகாரியைக் கலந்துகொண்டு, இரண்டாம் முறை அவருக்குப் பொருத்தமான ஒரு சிறு நூலைத் தேடிக் கொடுத்தோம். மலாய் நூல் அது. படிவம் இரண்டில் பயிலும் அவருடைய மகள், வாரத்துக்கு ஓர் அத்தியாயம் படித்துத் தமிழில் சொல்லி வந்தாள்.

முதல் பயிற்சி, எண்ணத்தைப் பிடித்தல். தாளை நான்கு பத்திகளாகப் பிரித்து, நடந்தது என்ன, மனத்தில் ஓடியது என்ன, அதற்குச் சான்று என்ன, வேறு காரணம் இருக்கக் கூடுமா என்று எழுத வேண்டும். அவர் எழுதச் சொன்ன முதல் நிகழ்ச்சி இது: காலையில் பிரட்டுக் களத்தில் மண்டோர் வழக்கம்போல் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உடனே மனத்தில் ஓடியது, ‘நான் மரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், வேலை போகப் போகிறது’ என்பது. சான்று என்ன என்று மகள் கேட்டபோது நெடுநேரம் யோசித்து, ஒன்றும் இல்லை என்றார். வேறு காரணம்? முதல் நாள் இரவு மண்டோரின் தாயாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அது தோட்டம் முழுவதற்கும் தெரிந்த செய்தி, அவருக்கும் தெரியும். சோர்ந்த மனம் அதனை எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு தாளில் மனம் மாறிவிடுவதில்லை. பத்துத் தாள், இருபது தாள் எழுதும்போது, தம் மனம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதை ஒருவர் தம் கையெழுத்திலேயே காண்கிறார். அப்படிக் கண்டபின் அடுத்த எண்ணத்தை அவ்வளவு எளிதில் நம்பிவிடுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாத் துன்பமும் எண்ணத்தின் கோளாறு அன்று. சம்பளம் குறைத்துக் கொடுக்கப்பட்டாலோ, வீட்டுக் கூரை ஒழுகினாலோ, நான்கு பத்தி போட்டு எழுதிச் சமாதானம் அடையத் தேவையில்லை. அவை தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திடமும் தொழிலாளர் இலாகாவிடமும் கொண்டு செல்ல வேண்டியவை. மனம் தெளிந்தவரே அவ்வழக்கை ஒழுங்காகக் கொண்டு செல்ல முடியும்.

இரண்டாம் பயிற்சி, சிறு செயல். சோர்ந்தவர் ஒதுங்குகிறார், ஒதுங்குவதால் மகிழ்ச்சி தருவன குறைகின்றன, குறைவதால் மேலும் சோர்கிறார். இது செக்கு மாட்டின் சுற்று. மனம் நேரானபின் செய்வோம் என்று காத்திருந்தால் சுற்று அறுபடுவதில்லை. ஆகவே, நாளுக்கு ஒரு சிறு செயலை முன்கூட்டியே எழுதி வைத்து, விருப்பம் இல்லாவிடினும் செய்ய வேண்டும். நம் நண்பர் முதல் வாரம் எழுதியது, வேலை முடிந்து வந்தபின் வாசலில் உள்ள முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றுவது. இரண்டாம் வாரம், தண்ணீர் ஊற்றியபின் பக்கத்து வீட்டுக்காரரோடு ஐந்து நிமிடம் பேசுவது. கோயில் செயற்குழு ஐந்தாவது வாரத்தில்தான் பட்டியலில் ஏறியது.

உறக்கத்தைப் பற்றிய அத்தியாயத்தில் நம் தொழிலுக்கு ஏற்ற மாற்றம் தேவைப்பட்டது. பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழச் சொல்லும் நூல், நான்கு மணிக்கு எழும் பால் வெட்டுத் தொழிலாளிக்கு உதவாது. எழும் நேரத்தை மழை நாளிலும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, இரவு எட்டு மணி அளவில் படுக்கையைத் தேடலாம். பிற்பகலுக்கு மேல் காப்பியைத் தவிர்க்கலாம். நள்ளிரவில் விழித்தால் புரண்டு புரண்டு படுத்துக் கடிகாரத்தைப் பார்ப்பதைக் காட்டிலும், எழுந்து மங்கிய விளக்கில் சற்று அமர்ந்திருந்து, கண் சொக்கியபின் படுப்பது நன்று. சம்சு குடித்தால் உறக்கம் வரும் என்பர். வரும், ஆனால் பாதி இரவில் கலைந்துவிடும். மறுநாள் சோர்வு இரட்டிப்பாகும்.

நூல் போதாத நிலை

தன்னுதவி நூல் மெல்லிய, நடுத்தரமான சோர்வுக்கு உரியது. கடுமையான நோய்க்கு அது மட்டும் போதாது. காதில் குரல்கள் கேட்பதாகச் சொல்பவர், பல நாள் உண்ணாமல் உறங்காமல் கிடப்பவர், பிறரெல்லாம் தமக்குச் சூழ்ச்சி செய்வதாக நம்புகிறவர் ஆகியோரை நூலைக் கொடுத்து உட்கார வைக்கக் கூடாது. கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும். வாழ்வதில் பொருள் இல்லை, போய்விட்டால் நல்லது என்னும் பேச்சு எழுமானால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் களைக்கொல்லி, பூச்சி மருந்து ஏதும் இருந்தால் அன்றே அப்புறப்படுத்துங்கள். “தற்கொலை எண்ணம் இருக்கிறதா?” என்று நேரடியாகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார்.

தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமே என்று அஞ்சி மறைப்பதற்கு இனி இடமில்லை. சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய மனநல உதவித் தொலைபேசியின் எண் 15555. கோலாலம்பூர் பிரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்னும் எண்ணுக்கு இரவிலும் பேசலாம்.

அரசாங்கக் கிளினிக்கில் முதலில் செய்வது பெரும்பாலும் எளிய காரியமே. கடந்த இரண்டு வாரத்தில் எப்படி இருந்தீர்கள் என்னும் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. உறக்கம், பசி, களைப்பு, தன்னைப் பழித்தல் முதலியவை பற்றிய அக்கேள்விகளுக்கு அளிக்கும் விடைகளைக் கூட்டிப் பார்த்து, பேச்சுத் துணை போதுமா, மாத்திரையும் வேண்டுமா, கோலகுபு பாரு மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று மருத்துவ அதிகாரி முடிவு செய்கிறார். கெர்லிங் நண்பரின் எண்ணிக்கை நாம் நினைத்ததைவிட உயர்ந்திருந்தது. ஆகவே அவருக்கு நூலோடு மாத்திரையும் தேவைப்பட்டது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கால் முறிந்தவன் ஊன்றுகோலும் கொள்கிறான், கட்டும் போட்டுக் கொள்கிறான்.

நூலகத்தைப் பற்றிச் சில சொற்கள். சிலாங்கூர் பொது நூலகக் கழகம் மாவட்டங்களில் கிளைகளையும் கிராம நூலகங்களையும் நடத்தி வருகின்றது. நடமாடும் நூலக வண்டியும் உண்டு. அடையாளக் கார்டைக் கொண்டு சென்று உறுப்பினராகச் சேரலாம். எதற்காக இந்த நூல் என்று முகப்பில் உள்ளவர் கேட்பதில்லை. தோட்டத்துக்கு வண்டி வர வேண்டுமாயின், தலைவாசல் கோயில் செயற்குழுவோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். கடிதம் எழுதுவதில் நம் இலாகா அதிகாரிகளின் உதவியையும் நாடலாம்.

ஒன்று மட்டும் வேண்டுகோள். பயிற்சித் தாள்கள் அச்சிட்ட நூலாயினும் அதன் பக்கங்களில் எழுதாதீர்கள். அடுத்து அதனை எடுப்பவரும் தம் துன்பத்தோடுதான் வருவார். கட்டங்களை ஒரு பயிற்சிப் புத்தகத்தில் வரைந்து எழுதுங்கள். கெர்லிங் நண்பர் நூலைத் திருப்பித் தந்தபோது மூன்று பக்கங்களில் பென்சில் எழுத்து இருந்தது. நாம் ஒன்றும் சொல்வதற்குள் மகளிடம் அழிப்பானை வாங்கி, அவரே வராந்தாவில் அமர்ந்து ஒவ்வொரு வரியாக அழித்தார். உறக்கம் எப்படி என்று கேட்டோம். வாரத்தில் நான்கு நாள் பரவாயில்லை, மூன்று நாள் இன்னும் இரண்டு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது என்றார். இரண்டாம் பாகம் ஏதும் உண்டா என்று அவருடைய மகள் கேட்டாள். தேடிக் கொண்டிருக்கின்றோம்.